செய்யப்படும் என்றால் யார் செய்வது?

கீழ வேலங்குடி
நவம்பர் 11, திங்கள்

பூவிழிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் கூப்பிடாமல் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ பேசிக்கொண்டே இருப்பாய். வைத்த பிறகுதான் நீ ஒன்றுமே சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கும். எழுத்தென்றால் கையில் இருக்கும், திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கலாம். ஆகவே இந்த விவகாரம் முடிகிறவரை நமக்குள் கடிதம்தான். சிங்கப்பூருக்குப் போன் போட்டு உன் அண்ணனிடம் கோள் மூட்ட வேண்டாம். அவர் இதில் தலையிடக் கூடாது என்று நேற்றே சொல்லிவிட்டேன்.

நேற்று நன்னிலம் கல்யாண மண்டபத்தில் இடைத்தேர்தல் வேட்பாளர்களைக் கூப்பிட்டுவைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம். இரும்புக்கடை வைத்திருக்கிறாரே மூஸா சார், அவர்தான் நடத்தினார். பதிலுக்கு மூன்று நிமிடம், மீறினால் மணியை அடிப்பார். உன் கம்பெனி தயார் செய்து அனுப்பிய வேட்பாளர் பரணிதரன் நீங்கள் எழுதிக் கொடுத்த பதில் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார், அதில் குறை சொல்ல மாட்டேன்.

நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எங்க ஊரு வடிகால் மதகுக்கு ஷட்டர் எப்பங்க வரும்?"

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறும்போது ஷட்டரை இறக்கினால்தான் வயல் பிழைக்கும். இல்லாவிட்டால் வடிய வேண்டிய வழியாகவே ஆறு உள்ளே வந்துவிடும். போன வருஷ வெள்ளத்தில் வளைந்துபோனதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். போனது போனதுதான். போன சம்பாவை மூழ்கக் கொடுத்தோம். இந்த வருஷம் மூன்று ஏக்கரில் நாற்பது நாள் பயிர் நிற்கிறது. பெருமழை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

உன் ஆள் எழுந்தார். "நல்ல கேள்வி" என்றார். "இந்தத் தாயின் கண்ணீர் என் கண்ணீர்" என்றார். நான் எங்கே அழுதேன்? கையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் ஒருங்கிணைந்த நீர்மேலாண்மை, தொலைநோக்குப் பார்வை, கட்டமைப்பு வலுவாக்கம் என்று வரிசையாக விட்டார். கடைசியாகக் கையை உயர்த்தி, "கடைமடை வரை கரைபுரளத் தண்ணீர் கொண்டுவந்து சேர்ப்போம்!" என்று முடித்தார்.

ஐப்பசி மாதத்தில், பூவிழி! உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வேணாங்க, ஏற்கனவே கணுக்கால் வரைக்கும் வந்து நிக்குது!" அப்புறம் கேட்க வேண்டுமா? மூஸா சார் அடித்த மணி அவருக்கே கேட்டிருக்காது.

நானும் சிரித்தேன். ஆனால் "உங்கள் உணர்வுகளை உள்வாங்கிக்கொண்டு" என்று அவர் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. உன் கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நீ என்னிடம் சொல்கிற வார்த்தை அது. அந்த அட்டையை எழுதியது நீதானே? இந்த ஊரில் பிறந்து, அந்த வடிகாலில் கெண்டை பிடித்து வளர்ந்த நீ.

பதில் எழுது.

அம்சவல்லி


சென்னை
நவம்பர் 14

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. "ஐப்பசி மாதத்தில், பூவிழி!" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த பத்தியில் சிரிப்பு போய்விட்டது.

ஆமாம், நான்தான் எழுதினேன். கடைமடை அட்டை ஆனி மாதம் எழுதியது. அணை திறந்து இன்னும் தண்ணீர் வந்து சேராத நேரம். டெல்டா என்றால் இந்த அட்டை என்று கட்டுப் போட்டு வைத்திருந்தோம், இடைத்தேர்தல் திடீரென்று வந்ததும் அதே கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நான் சரிபார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் தவறுதான்.

ஆனால் மற்றதெல்லாம் தவறு என்று சொல்ல மாட்டேன், அண்ணி. இது ஒரு வேலை. இதற்கும் முறை இருக்கிறது. கேட்டவரை முதலில் பாராட்ட வேண்டும். சின்னக் கேள்வியைப் பெரிய கேள்வியாக்க வேண்டும். ஷட்டரைக் கேட்டால் நீர்மேலாண்மை, நீர்மேலாண்மையைக் கேட்டால் உழவர் வாழ்வு. இதற்கு எங்களிடையே "மடை மாற்றுவது" என்று பெயர். தேதி கேட்டால் "விரைவில்", "படிப்படியாக", "முன்னுரிமை அடிப்படையில்". இவற்றை "வாய்தா" என்போம். சொல்லக் கூடாதவை மூன்று: தேதி, எண்ணிக்கை, ஆள் பெயர். இவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் நாளைக்கு எதிராளி அதையே வெட்டி எடுத்து ஊர் முழுக்க ஓட்டுவான். எதிர்த்து நிற்பவர் பேசியதையும் கேட்டிருப்பீர்களே, அவர் மட்டும் என்ன நேராகவா சொன்னார்?

யாரும் பொய் சொல்வதில்லை, அண்ணி. பொய்யும் சொல்லாமல், மாட்டிக்கொள்ளாமலும் பேச எழுதிக் கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

ஷட்டர் விஷயம் உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும். விரைவில் நல்லது நடக்கும் என்று நம்புகிறேன். பயிர் எப்படி இருக்கிறது? உரம் போட்டாயிற்றா?

பூவிழி


கீழ வேலங்குடி
நவம்பர் 18

பூவிழி,

சிவப்பு மை பேனா வாங்கிவந்து உன் கடிதத்தைத் திருத்தியிருக்கிறேன். இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். முதல் பத்திக்கும் இரண்டாம் பத்திக்கும் முழு மார்க். மனசிலிருந்து எழுதியிருக்கிறாய். கடைசிப் பத்திக்கு முட்டை.

"கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும்." யார் கொண்டுசெல்வது? யாருடைய கவனத்துக்கு? நானும் இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். ஆய்வு செய்யப்படும், பரிசீலிக்கப்படும், நிறைவேற்றப்படும், தூர்வாரப்படும். இத்தனை "படும்" இருக்கிறது, அதைச் செய்கிற ஆள் ஒருத்தர்கூட அந்த வாக்கியத்தில் இல்லை. நம் வீட்டில் அப்படிப் பேசிப் பார். "சோறு வடிக்கப்படும்" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருந்தால் யார் வடிப்பது? "களை எடுக்கப்படும்" என்றால் களை தானாக எழுந்து வரப்பில் போய் உட்காருமா?

விளையாட்டுக்கு உன் அண்ணனிடம் "எப்பங்க ஊருக்கு வர்றீங்க?" என்று கேட்டேன். "பார்ப்போம், கூடிய சீக்கிரம் ஆவன செய்றேன்" என்கிறார். உங்கள் குடும்பத்துக்கே இது ரத்தத்தில் ஊறியிருக்கிறது போல.

மடை மாற்றுவது என்று நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன், கோபமும் வந்தது. மடை மாற்றினால் தண்ணீர் ஏதாவது ஒரு வயலுக்குப் போய்ச் சேரும், பூவிழி. உன் ஆள் பேசியது எந்த வயலுக்கும் போய்ச் சேரவில்லை.

நேற்று முன்தினம் நல்ல மழை. ஆறு கொஞ்சம்தான் ஏறியது, அதற்கே நம் தெற்கு வயலில் முழங்காலுக்குக் கீழே வரை வந்துவிட்டது. நானும் இன்னும் ஆறு பேரும் மணல் மூட்டை அடுக்கினோம். ஒரு நாள் தாங்கியது, இன்று காலையில் பாதி மூட்டை சரிந்துவிட்டது. இப்போதைக்குத் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது. இன்னும் ஒரு பெருமழை வந்தால் பயிர் அழுகிவிடும். போன வருஷம் போலவே இந்த வருஷமும் போனால் என்னால் தாங்க முடியாது. இதை உன்னிடம்தான் சொல்கிறேன், உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

வருகிற 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் மறுபடியும் கூட்டம் வைத்திருக்கிறார்கள். நான் அதே கேள்வியைக் கேட்கப் போகிறேன். அவர் அட்டையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் கொடு. யார் செய்வார், எப்போது செய்வார் என்று இருக்க வேண்டும். "முடியாது" என்று இருந்தாலும் பரவாயில்லை. முடியாதென்று தெரிந்தால் நாங்கள் வேறு வழி பார்ப்போம்.

உரம் போட்டாயிற்று. போட்டது நான்.

அண்ணி


சென்னை
நவம்பர் 22

அன்புள்ள அண்ணி,

சிவப்பு மை நன்றாகத்தான் உறைத்தது. கடைசிப் பத்தியை நான் எழுதியபோது எனக்கே தெரியவில்லை, அண்ணி. கை தானாக எழுதியிருக்கிறது. வீட்டு ஆளுக்கு எழுதும் கடிதத்திலும் அப்படி எழுதுகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

நேற்று உட்கார்ந்து போன் போட்டேன். ஏழு பேருக்கு. முதல் ஆறு பேர் என் மொழியிலேயே எனக்குப் பதில் சொன்னார்கள். "பரிசீலனையில் உள்ளது மேடம்." கேட்கிற இடத்தில் இருந்தால் அது எப்படி இருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்தது. ஏழாவது ஆள் ஒரு குமாஸ்தா, ஓய்வு பெற இரண்டு மாதம்தான் இருக்கிறதாம், பயப்படாமல் பேசினார்.

அண்ணி, ஷட்டர் செய்தாகிவிட்டது. புரட்டாசியிலேயே வந்துவிட்டது. ஒரு கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. மாட்டுவதற்கு விழா வைப்பதாக இருந்தார்களாம், பெரியவர்களின் தேதி கிடைக்கவில்லை. அதற்குள் தேர்தல் அறிவித்துவிட்டார்கள், இப்போது விழா நடத்த முடியாது. விழா இல்லாமல் மாட்டக் கூடாது என்று எங்கேயும் சட்டம் இல்லை. "மாட்டு" என்று சொல்ல ஆள் இல்லை, அதுதான் நிலைமை. பரணிதரனுக்கு இது எதுவும் தெரியாது. அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன்: "உங்கள் மதகுக்கு ஷட்டர் தயாராகி, கொட்டகையில் கிடக்கிறது. விழா வேண்டாம். உடனே மாட்டச் சொல்லி நாளைக்கே நான் போய்க் கேட்கிறேன்."

எங்கள் மேலாளர் எல்லா அட்டைகளையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு இதைச் செருகினேன். பிடிபட்டால் வேலை போகலாம். பயமாகத்தான் இருக்கிறது, அண்ணி. பயம் இல்லை என்று எழுதினால் அதையும் சிவப்பு மையில் அடித்துவிடுவீர்கள்.

அவர் அதை அப்படியே படிப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

பூவிழி


கீழ வேலங்குடி
நவம்பர் 25, திங்கள்

பூவிழி,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். குறுக்கே எதுவும் நினைக்காமல் படி.

மண்டபம் நிறைந்து வாசல் வரை ஆள். போன கூட்டத்தின் கரைபுரண்ட கதை ஊர் ஊராகப் பரவிவிட்டது. என் முறை வந்தது, அதே கேள்வியைக் கேட்டேன். பரணிதரன் அட்டையை எடுத்தார். "நல்ல கேள்வி" என்று ஆரம்பித்தவர் அட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மனசுக்குள் ஒரு தடவை படித்தார். பிறகு சத்தமாக, "உங்கள் மதகுக்கு ஷட்டர் தயாராகி, கொட்டகையில் கிடக்கிறது" என்றார்.

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"விழா வேண்டாம்" என்றார். அதையும் ஒழுங்காகச் சொன்னார். அடுத்த வரியில் உன் "நான்" இருந்ததல்லவா, அங்கே வந்ததும் மனிதருக்குப் பழக்கம் வந்து கழுத்தைப் பிடித்துவிட்டது. "அது உரியவர்களால் விரைவில் மாட்டப்படும்!" என்று கையை உயர்த்தி முடித்துவிட்டார்.

நான் உட்காரவில்லை. "மாட்டப்படும்னா, யாருங்க மாட்டுறது?" என்று கேட்டேன்.

"துறை சார்ந்தவர்களால்..."

"அதாங்க, யாரு?"

பின்னால் இருந்து இரண்டு பேர் "யாரு?" என்றார்கள். அப்புறம் இருபது பேர். மூஸா சார் மணி அடித்துக்கொண்டே இருந்தார். எதிர்த்து நிற்பவர் இதுதான் சமயம் என்று எழுந்து, "எங்கள் ஆட்சியில் போர்க்கால அடிப்படையில் நடவடிக்கை மேற்கொள்ளப்..." என்றதும், "படும்" என்று அவர் முடிப்பதற்குள் மண்டபமே "யாரு?" என்றது. அவரும் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தருக்கும் கோபம் இல்லை, பூவிழி. எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஆனால் யாரும் விடுவதாக இல்லை.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். ரெத்தினம் அண்ணன். நம் ஆற்றுக்கு லஸ்கர் வேலை பார்ப்பாரே, மதகுகளை ஏற்றி இறக்குபவர், அவரேதான். "நாந்தாங்க மாட்டுவேன்" என்றார். "பதினெட்டு வருசமா நாந்தான் மாட்டுறேன். எங்க எஞ்சினியரம்மாகிட்ட போன வாரமே கேட்டேன், மாட்டிக்கய்யா, விழா கிழா எதுவும் வைக்காதன்னு சொல்லிட்டாங்க. ஏத்திக்கிட்டு வர டிராக்டரும் நாலு ஆளும்தான் இல்ல. யாரைக் கேக்குறதுன்னு தெரியாம இருந்தேன்."

"நான் டிராக்டர் கொண்டாறேன்" என்றேன். "எப்ப?" என்றார். "செவ்வாய்க்கிழமை" என்றேன். முடிந்தது.

இத்தனை நாளும் அவர் நம்மைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், நாம் அவரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். நடுவில் எத்தனை "படும்"!

பரணிதரன் எல்லா அட்டையையும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். "எனக்கு இது தெரியாதுங்க. தெரிஞ்சிருக்கணும். செவ்வாய்க்கிழமை நானும் வந்து நிக்கிறேன்" என்றார். முதல்முறையாக அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன்.

உன் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லையே? அதை நினைத்துத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணி


சென்னை
நவம்பர் 28

அண்ணி,

வேலை இருக்கிறது. "யாரு?" என்று மண்டபம் கத்துகிற வீடியோ திங்கட்கிழமை காலையிலேயே எங்கள் அலுவலகம் முழுக்க ஓடியது. மேலாளர் எல்லாரையும் உட்காரவைத்து அந்த அட்டையை எழுதியது யார் என்று கேட்டார். எழுதப்பட்டுவிட்டது, செருகப்பட்டுவிட்டது என்று ஏதேதோ வாக்கியங்கள் வாய்வரை வந்தன. "நான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு இதற்கு முன்பு தெரியாது. பாவம் பரணிதரன், மேடையில் அதைத்தான் தாண்ட முடியாமல் தவித்திருக்கிறார்.

மேலாளர் அரை மணி நேரம் வெளுத்து வாங்கினார். முதுகுக்குப் பின்னால் செருகினாயே என்பதுதான் அவருடைய கோபம், அது நியாயம்தான். இனி என் அட்டைகளை இரண்டு பேர் பார்ப்பார்கள். மதியம் பரணிதரனே கூப்பிட்டார். "அம்மா, இனிமே எனக்கு அந்த மாதிரியே எழுதுங்க. ஆனா என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு எழுதுங்க" என்றார். இப்போது ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஏழெட்டுப் போன் போட்டு விவரம் கேட்கிறேன். வேலை மூன்று மடங்காகிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்று அதையெல்லாம் நினைக்க முடியவில்லை. காற்றழுத்தத் தாழ்வு, டெல்டாவுக்கு மிகக் கனமழை என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனிடம் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க, என்னை விட்டுருங்க" என்கிறார். செவ்வாய்க்கிழமை டிராக்டர் கிடைத்ததா? ஷட்டர் இறங்கியதா? உடனே எழுதுங்கள்.

பூவிழி


கீழ வேலங்குடி
டிசம்பர் 2

பூவிழி,

இறங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு.

டிராக்டர் கிடைத்தது. ஷட்டரைத் தூக்க நாலு ஆள் கேட்டவருக்குப் பதினைந்து ஆள் வந்தோம். பரணிதரன் சொன்னபடி வந்தார். அவர் வந்தது தெரிந்து எதிர்த்து நிற்பவரும் வந்துவிட்டார். இரண்டு பேரும் கரையில் பேச இடம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரெத்தினம் அண்ணன் திரும்பிப் பார்த்து, "சும்மா நிக்காதீங்க சார், இந்தச் சங்கிலியைப் பிடிங்க" என்றார். இரண்டு வேட்பாளரும் ஒரே சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். வேட்டியெல்லாம் கிரீஸ். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச மூச்சு இல்லை.

வியாழன் மதியம் ஆரம்பித்த மழை வெள்ளி முழுக்கக் கொட்டியது. சனிக்கிழமை விடிந்ததும் மதகுக்குப் போனேன். மதகின் மேல் ஏறி நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது, நம் வயலைவிட ஒரு முழம் உயரத்தில். இந்தப் பக்கம் நம் பயிர் கணுக்கால் தண்ணீரில் பச்சென்று நிற்கிறது. மூன்று ஏக்கரும். நடுவில் ஓர் இரும்புத் தகடு, அவ்வளவுதான் வித்தியாசம். சந்தோஷத்தில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, வரப்பில் அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டே இருந்தேன். இன்று ஆறு இறங்கியதும் ஷட்டரை ஏற்றிவிட்டார்கள், வயல் தண்ணீரும் வடிந்துகொண்டிருக்கிறது.

ஏற்ற வந்த ரெத்தினம் அண்ணன் ஒன்று கேட்டார். "ஏம்மா, அது கொட்டகையில கெடக்குறது எங்க நாலு பேருக்குத்தான் தெரியும். மேடையில அந்த சார் எப்படி அவ்வளவு சரியாச் சொன்னாரு? யாரு எழுதிக் குடுத்தது?"

"எங்க வீட்டுப் பொண்ணு, பூவிழி" என்றேன்.

அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை உன்னிடம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் அண்ணி
அம்சவல்லி